திணிவில்லாத ஒளி சக்தியை எப்படிக் கொண்டு வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக் கொடுக்கிறேன். அலைகள் பாடம் தொடங்கி நவீன பௌதிகவியல் முடிகிற வரைக்கும் வரும் கேள்விகள் வருடா வருடம் அநேகமாக ஒன்றுதான், அதுவும் வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கிற நேரத்தில்தான் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று அரைகுறையாகச் சொல்லி அனுப்புவதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்த்துவிட்டுக் குழம்பி வருகிறவர்கள் நிறையப் பேர். நாங்கள் திணிவு என்பதை அங்கே நிறை என்பார்கள், நாங்கள் நிறை என்பது அங்கே எடை. எங்கள் சக்தி அவர்களுக்கு ஆற்றல், எங்கள் மீடிறன் அவர்களுக்கு அதிர்வெண். இங்கே எங்கள் சொற்களைத்தான் பாவிக்கிறேன்.

சேர், ஈ சமன் எம்சி வர்க்கம் என்றால், திணிவு பூச்சியமான ஒளிக்குச் சக்தியும் பூச்சியம்தானே?

தலையாய கேள்வி. கேட்கிற பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் சுவரில் ஒட்டுகிற போஸ்டரில் இருந்து ரீசேட் வரைக்கும் அந்தச் சமன்பாட்டைப் பாதியாகத்தான் அச்சடிக்கிறார்கள். அது ஓய்வில் இருக்கும் பொருளுக்கு மட்டும் உரியது. மேசையில் சும்மா கிடக்கிற கல்லுக்கு, அசையாமல் நிற்கிற இலத்திரனுக்குச் சரி. ஒளி எங்கேயாவது நின்றதைப் பார்த்திருக்கிறீர்களா?

முழுச் சமன்பாட்டைச் சொல்கிறேன், கொப்பியில் ஒரு செங்கோண முக்கோணம் கீறிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் திணிவை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. செங்கோணத்தில் அதோடு முட்டும் மற்றப் பக்கம் உந்தத்தை ஒளிவேகத்தால் பெருக்கியது. செங்கோணத்துக்கு எதிரே இருக்கிற நீண்ட பக்கம், அதாவது செம்பக்கம்தான் மொத்தச் சக்தி. பைதகரஸ் தேற்றம், வேறொன்றும் இல்லை. கல் ஓய்வில் இருந்தால் உந்தப் பக்கம் பூச்சியம், அப்போது செம்பக்கமும் திணிவுப் பக்கமும் ஒன்று, போஸ்டரில் இருக்கிற சமன்பாடு அதுதான். இப்போது திணிவுப் பக்கத்தைப் பூச்சியமாக்குங்கள். முக்கோணம் ஒரு கோடாகப் படுத்துவிடும், செம்பக்கமும் உந்தப் பக்கமும் ஒன்றாகிவிடும். அதாவது ஒளியின் சக்தி அதன் உந்தத்தை ஒளிவேகத்தால் பெருக்கியது. பூச்சியம் வரவேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை.

உடனே அடுத்த கேள்வி வரும்: உந்தம் என்றால் திணிவு தர வேகம்தானே, அதுவும் பூச்சியம்தானே? மெதுவாகப் போகிற பொருள்களுக்கு, அதாவது லொறிக்கும் கிரிக்கெட் பந்துக்கும், அது போதும். ஒளிவேகத்தை நெருங்க நெருங்க அந்தச் சூத்திரத்தோடு இன்னொரு காரணியும் பெருகி வரும், ஒளிவேகத்திலேயே அது முடிவிலி ஆகிவிடும். பூச்சியத்தை முடிவிலியால் பெருக்கி விடை எடுக்கப் பார்ப்பது வீண் வேலை. ஒளிக்கு அந்த வழியாகப் போகவே கூடாது, மீடிறன் வழியாகப் போக வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

அலை என்றால் உண்மையில் என்னதான் நகர்கிறது?

இரணைமடுக் குளக்கட்டில் நின்று, காற்று விழுந்த நேரம் தண்ணீரில் ஒரு கல்லைப் போடுங்கள். வட்டம் விரிந்துகொண்டே போகும். வழியில் ஓர் ஆலிலையோ வெறும் பிளாஸ்ரிக் போத்தலோ மிதந்தால் அது அலையோடு கூடவே கரைக்கு வராது, இருந்த இடத்திலேயே ஏறி இறங்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடிவிட்டு அங்கேயே நிற்கும். தண்ணீர் வரவில்லை, ஆனால் போத்தலைத் தூக்கிய வேலை நடந்துவிட்டது. அந்த வேலைக்கான சக்தி கல் விழுந்த இடத்தில் இருந்து வந்தது.

இதற்குப் பிள்ளைகள் வழமையாகச் சொல்லும் உவமை வாளி கைமாற்றுவது. தண்ணீர்ப் பவுசர் வந்தால் வரிசையில் நின்று வாளியைக் கைக்குக் கை கொடுப்பார்கள், ஆட்கள் நகர மாட்டார்கள், வாளி போகும். பாதி சரி. வாளி ஒரு பொருள், தொட்டுப் பார்க்கலாம். சக்தி அப்படி ஒரு பொருளே இல்லை. ஒரு தண்ணீர்த் துணிக்கை பக்கத்துத் துணிக்கையைத் தள்ளுகிறது, தள்ளும்போது அதன் மேல் வேலை செய்கிறது, அது அடுத்ததைத் தள்ளுகிறது. “சக்தி வந்தது” என்று நாங்கள் கணக்கு எழுதுவது அந்தத் தள்ளலின் தொடர்ச்சியைத்தான். சக்தியைப் பாரம் என்றும் அலையை லொறி என்றும் நினைப்பதால்தான் திணிவில்லாத ஒன்று பாரம் சுமக்குமா என்ற சந்தேகமே வருகிறது.

அலையின் சக்தி எதில் தங்கியிருக்கிறது?

வீச்சத்தின் வர்க்கத்தில். உயரம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. அலையின் அடியில் இருந்து முடி வரைக்கும் ஒரு மீற்றர் என்றால், கடல் மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஏறத்தாழ 1,250 யூல் சக்தி இருக்கும். அதே அலை இரண்டு மீற்றர் ஆகும்போது 5,000. காற்று எழும்பினால் முல்லைத்தீவில் வள்ளம் இறக்குவதா விடுவதா என்று யோசிப்பவர்களுக்கு இந்த வர்க்கம் கணக்கில்லாமலே தெரியும்.

ஆனால் உயரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், அதற்கு 2004ஐ விட வேறு சாட்சி எங்களுக்கு வேண்டாம். டிசம்பர் 26 காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்ராவுக்கு அருகே கடலடி உடைந்தது, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் கரைக்கு அலை வந்தது. நடுக்கடலில் அதன் உயரத்தைச் செய்மதிகள் அளந்திருக்கின்றன, ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். மேலே போகிற கப்பலில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. காற்று எழுப்பும் அலையில் மேல்மட்டத் தண்ணீர் மட்டும்தான் ஆடும், ஆழிப்பேரலையில் மேலிருந்து கடலடி வரைக்கும் முழுத் தண்ணீரும் அசையும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைத்தூரம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அத்தனை தண்ணீருக்குள் சக்தி பரந்து கிடக்கும். அதன் வேகம் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம்: 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல், 10 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர். முன்னால் போவது மெதுவாகிறது, பின்னால் வருவது இன்னும் வேகமாக வந்துகொண்டிருக்கிறது, அலை நெருங்கி ஒடுங்குகிறது, சக்தி அப்படியே இருக்க இடம் குறைந்ததால் உயரம் எழும்புகிறது.

ஒரு விடயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுமாத்ராவில் இருந்த தண்ணீர் இங்கே வரவில்லை. வீடுகளுக்குள் வந்தது எங்கள் கரைக் கடல்தான். கரையில் அலை உடையும்போது தண்ணீரே முன்னுக்கு ஓடும், அந்த இடத்தில் “அலையோடு தண்ணீர் நகராது” என்ற பாடம் பொருந்தாது.

தண்ணீர் அலைக்குத் தண்ணீர், ஒலிக்குக் காற்று. வெயிலுக்கு எது? இடையில் ஒன்றுமே இல்லையே?

புலம் இருக்கிறது. மின்புலம், காந்தப்புலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய பெரிய மூளைகளே “ஈதர்” என்று ஓர் ஊடகம் இருக்க வேண்டும் என்று நம்பித் தேடினார்கள், கிடைக்கவில்லை. மக்ஸ்வெல் 1860களில் எழுதிய சமன்பாடுகளின்படி மாறும் மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்கும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வெற்றிடத்தில் செக்கனுக்கு 299,792,458 மீற்றர் ஓடும். 1887இல் ஹேட்ஸ் அந்த அலைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். புலத்திற்குள்ளேயே சக்தி இருக்கிறது, அது எந்தத் திசையில் எவ்வளவு ஓடுகிறது என்பதற்கு 1884இல் பொயின்ரிங் சூத்திரம் கொடுத்தார். புலத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் அது கணக்குக்காகச் செய்த கற்பனை என்று நினைக்காதீர்கள். நண்பகலில் வெயிலில் விட்ட மோட்டார் சைக்கிள் சீற்றில் உட்கார்ந்தவனுக்கு அந்தச் சந்தேகம் இருக்காது.

தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரி கிடைப்பதும் அருமை. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவோம். அதுவும் செத்தால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்போம், செய்தி முடியும்வரை கை மாறி மாறிச் சுற்ற வேண்டும். இந்தக் கதையைச் சொன்னதும் ஒரு பிள்ளை கேட்டாள்: அலை சக்தியைக் கொண்டு வருகிறது என்றால் ஏன் சுற்றினீர்கள்? அருமையான கேள்வி. வானொலி அலை ஏரியலுக்குக் கொண்டு வருவது மிக மிகச் சிறிய சக்தி, அதைப் பெருக்கி ஸ்பீக்கரை அதிர வைக்கும் சக்தி எங்கள் கையில் இருந்து போனது. ஆனால் பளிங்கு வானொலி என்று ஒன்று உண்டு. நீளமான கம்பி ஏரியல், ஒரு சுருள், ஒரு ஜேர்மானியம் டயோட்டு, காதில் வைக்கிற இயர்போன் ஒன்று. பற்றரியே கிடையாது. பலமான நிலையம் ஒன்று இருந்தால் பேச்சுக் கேட்கும், அந்தச் சத்தத்தின் சக்தி முழுவதும் அலையோடு வந்ததுதான்.

வயரில் மின்சாரம் போகிறதே, அங்கே சக்தியைக் கொண்டு வருவது இலத்திரன்தானே?

இல்லை, இது கொஞ்சம் அதிர்ச்சியான பதில். லக்சபான மின்நிலையத்தில் இருந்த இலத்திரன் எதுவும் கிளிநொச்சி வீட்டுக்கு வருவதில்லை. எங்கள் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை திசை மாறி மாறி ஓடுவது. வீட்டு வயரில் இலத்திரன் சராசரியாக ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு தூரம் அங்கும் இங்கும் ஆடுவதோடு சரி. சக்தி வயரைச் சுற்றியிருக்கும் மின்புலம், காந்தப்புலம் வழியாக ஓடி வருகிறது, வயர் அதற்குப் பாதை காட்டுகிறது. மற்றவற்றைப் பொயின்ரிங் பார்த்துக்கொள்வார்.

அப்படியென்றால் போட்டோன் எதற்கு? ஒளி அலையா, துகளா?

ஒளி போகும்போது அலையாகப் பரவும், சக்தியைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணிக்கையாக, ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் கொடுக்கும் வாங்கும். அந்த ஒன்றுக்குப் பெயர் போட்டோன். ஒரு போட்டோனின் சக்தி பிளாங்கின் மாறிலியை மீடிறனால் பெருக்கியது. மாறிலியின் பெறுமானம் 6.63 × 10⁻³⁴ யூல் செக்கன். பச்சை ஒளியின் ஒரு போட்டோனுக்கு 3.6 × 10⁻¹⁹ யூல் வரும். வீட்டில் எரிகிற 9 வாற்று எல்ஈடி பல்ப் ஒன்றில் இருந்து செக்கனுக்குக் கிட்டத்தட்ட 10¹⁹ போட்டோன் புறப்படும், அதனால்தான் ஒளி சொட்டுச் சொட்டாக வருவது எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அலைப் பாடத்தில் சக்தி வீச்சத்தின் வர்க்கம் என்றேன், இங்கே மீடிறன் என்கிறேன், முரண் இல்லையா என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. மீடிறன் ஒவ்வொரு போட்டோனும் எவ்வளவு பெரியது என்று சொல்கிறது, வீச்சத்தின் வர்க்கம் எத்தனை போட்டோன் வரும் என்று சொல்கிறது.

இரண்டும் வேறு வேறு என்பதை விளாமரத்தடியில் விளங்கிக்கொள்ளலாம். பழத்தை விழுத்த வேண்டும். மணலை அள்ளி அள்ளி எறியுங்கள், மொத்தம் ஒரு கிலோ எறிந்தாலும் காம்பு அசையாது. அதே கையால் ஒரு கல்லை எறிந்தால் பழம் கீழே. காம்பு முறிய ஒரே அடியில் இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கிறது, சில்லறையாகக் கொடுத்தால் அது வாங்காது. நாகத் தகட்டில் (தமிழ்நாட்டில் துத்தநாகம்) இருந்து இலத்திரனைக் கழற்றுவதும் இதே கதை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை எவ்வளவு பிரகாசமாக அடித்தாலும் ஒன்றும் நடக்காது, மங்கலான, ஆனால் மீடிறன் கூடிய புறஊதா பட்டால் உடனே இலத்திரன் கழன்று வரும். வெறும் அலை என்று நினைத்தால் இதற்கு விளக்கமே இல்லை. 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார், 1921க்கான நோபல் பரிசு குறிப்பாக இதற்குத்தான் கிடைத்தது, சார்புக் கொள்கைக்கு அல்ல.

உந்தம் இருக்கிறது என்றால் வெயில் எங்களைத் தள்ள வேண்டுமே?

தள்ளுகிறது. உணரத்தான் முடியாது. கணக்குப் போடுவோம், இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது.

நண்பகலில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1,000 வாற்று வெயில். ஓர் ஏக்கர் என்றால் 4,047 சதுர மீற்றர், ஆக ஓர் ஏக்கர் வயலில் 40 இலட்சம் வாற்று. காலபோகத்துக்கு விதைத்த ஒரு துண்டு நிலத்தில் செக்கனுக்கு இவ்வளவு சக்தி இறங்குகிறது. அந்த வலுவை ஒளிவேகத்தால் வகுத்தால் விசை வரும்: 0.0135 நியூட்டன். அதாவது ஓர் ஏக்கர் முழுவதையும் வெயில் தள்ளுகிற தள்ளல் ஒன்றரைக் கிராமுக்கும் குறைவான நிறை, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை அரிசி. (எல்லா ஒளியையும் வயல் உறிஞ்சுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். கண்ணாடி போலத் திருப்பி அனுப்பினால் இரட்டிப்பாகும்.) நாற்பது இலட்சத்தை முப்பது கோடியால் வகுக்கிறோம், அதுதான் விடை இப்படிச் சுருங்கக் காரணம். சக்தி நிறைய, தள்ளல் கொஞ்சம், திணிவில்லாதவற்றின் இயல்பு அது.

இந்தச் சின்னத் தள்ளலை லெபெதேவ் என்ற ரஷ்யர் 1901இல் ஆய்வுகூடத்தில் அளந்து காட்டினார். கதிர்வீச்சு அமுக்கம் என்று பெயர். விண்வெளியில் உராய்வு இல்லை, நேரம் நிறைய இருக்கிறது, அங்கே இது உதவும். 2010இல் ஜப்பான் அனுப்பிய இக்காரோஸ் கலம் 14 மீற்றருக்கு 14 மீற்றர் பாய் விரித்து, சூரிய ஒளியின் தள்ளலில் வெள்ளியை நோக்கிப் போனது. பாய்மரத் தோணி ஓடிய கரையில் இருந்து வருகிற எங்களுக்கு இது புதிய யோசனை இல்லை, காற்றுக்குப் பதில் வெயில், அவ்வளவுதான்.

போன் டவரும் அலைதானே விடுகிறது? ஊருக்குள் வைக்கலாமா?

கூட்டங்களில் கேட்கிற கேள்வி, பௌதிகம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். 900 மெகாஹேட்ஸ் அலையின் ஒரு போட்டோனை விடப் பச்சை ஒளியின் ஒரு போட்டோனுக்குச் சக்தி ஆறு இலட்சம் மடங்கு. டவரில் இருந்து வருவது விளாமரத்து மணலை விடப் பொடியானது, மூலக்கூறின் பிணைப்பை உடைக்க அதனால் முடியாது. சூடாக்க முடியும், மைக்ரோவேவ் அடுப்பு அதைத்தான் செய்கிறது, ஆனால் அதற்குச் செறிவு வேண்டும். டவரைச் சுற்றி நிலத்தில் ஆட்கள் நடமாடும் இடங்களில் வழமையாக வருவது சதுர மீற்றருக்கு ஒரு வாற்றிலும் மிகக் குறைவு. வெயில் 1,000. ஏரியலுக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு ஏறி நிற்காதீர்கள், மற்றப்படி மத்தியான வெயிலில் தொப்பி போடாமல் கிரிக்கெட் விளையாடுவதைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

இவ்வளவு தூரம் வரும் ஒளி வழியில் களைத்துப்போகாதா?

யானைக் காவலுக்குப் பரணில் இருந்தவர்களிடம் கேளுங்கள். ஐம்பது மீற்றரில் ரோச் அடித்தால் யானையின் கண் தெரியும், நூறு மீற்றரில் வெளிச்சம் நான்கில் ஒன்று, இருநூறில் பதினாறில் ஒன்று. களைத்தது போலத்தான் இருக்கும். உண்மையில் அதே எண்ணிக்கைப் போட்டோன்கள் பெரிய வட்டத்தில் பரந்து போய்விட்டன, ஒவ்வொரு போட்டோனின் சக்தியும் ரோச்சில் இருந்து புறப்பட்டபோது இருந்ததுதான். எங்கள் காட்டு இருட்டில் சீரியஸ் நட்சத்திரம் நன்றாகத் தெரியும், அந்த ஒளி புறப்பட்டு எட்டரை வருடத்துக்கு மேல், வந்து சேரும் போட்டோன் குறையாமல் வந்து விழித்திரையில் இறங்குகிறது.

ஒரு விதிவிலக்கு: பிரபஞ்சமே விரிவதால் மிகத் தொலைவில் இருந்து வரும் ஒளியின் அலைநீளம் இழுபட்டுச் சக்தி குறையும். பிரபஞ்சம் இளமையாக இருந்தபோது புறப்பட்ட ஒளி ஏறத்தாழ 1,100 மடங்கு இழுபட்டு, இன்று நுண்ணலையாக எல்லாத் திசையிலும் இருந்து வருகிறது.

திணிவில்லாத வேறு துகள்கள் உண்டா?

குளுவோன் உண்டு, புரோத்தனுக்கும் நியூத்திரனுக்கும் உள்ளே இருக்கும் குவார்க்கு என்ற துகள்களைக் கட்டி வைத்திருப்பது, தனியாக வெளியே வராது. எதோடும் அநேகமாக மோதாமல் ஊடுருவிப் போகிற நியூத்திரினோ என்ற துகளுக்குத் திணிவில்லை என்று பழைய நோட்ஸ்களில் இருக்கும், அதை வெட்டிவிடுங்கள். 1998இல் ஜப்பானின் சுப்பர் காமியோகாண்டே ஆய்வு அது வழியில் வகை மாறுவதைக் காட்டியது, வகை மாற வேண்டும் என்றால் மிகச் சிறிதாவது திணிவு வேண்டும். ஈர்ப்புக்குக் கிராவிற்றோன் என்று ஒன்று இருக்கலாம், தனித் துகளாக யாரும் பிடிக்கவில்லை. ஈர்ப்பு அலையைப் பிடித்துவிட்டார்கள்: 2015 செப்டெம்பர் 14 அன்று பிடிபட்டது அது, வெகு காலத்துக்கு முன் இரண்டு கருந்துளைகள் மோதியதில் மூன்று சூரியனின் திணிவுக்குச் சமமான சக்தி அப்படி அலையாகப் போயிருந்தது.

ஒளியைப் பெட்டிக்குள் பூட்டினால் பெட்டியின் நிறை கூடுமா?

கூடும்! உள்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பெட்டி, ஒளி வெளியே போகாமல் அங்கும் இங்கும் தெறிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் போகும் போட்டோனின் உந்தமும் இடப்பக்கம் போவதன் உந்தமும் ஒன்றையொன்று வெட்டிவிடும், மொத்த உந்தம் பூச்சியம், சக்தி மட்டும் மிச்சம். அந்த முக்கோணத்தைத் திரும்பப் பாருங்கள், உந்தப் பக்கம் பூச்சியம், செம்பக்கம் பூச்சியம் இல்லை, அப்போது திணிவுப் பக்கம் இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் திணிவு இல்லை, கூட்டத்துக்குத் திணிவு இருக்கிறது. எவ்வளவு என்றால், அந்த ஓர் ஏக்கர் வயலில் ஒரு நாள் முழுக்க விழும் வெயிலை எப்படியாவது பெட்டிக்குள் அடைத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் கூடும்.

இது விளையாட்டுக் கணக்கு என்று நினைப்பவர்கள் அறுவடை முடிந்து வீட்டில் அடுக்கியிருக்கும் நெல் மூட்டையைப் பாருங்கள். எழுபது கிலோ மூட்டை என்றால், அதிலுள்ள குவார்க்குகள், இலத்திரன்கள் எல்லாவற்றின் சொந்தத் திணிவையும் கூட்டினால் ஒரு கிலோவும் தேறாது. மிச்சம் அறுபத்தொன்பது கிலோவும் புரோத்தனுக்கும் நியூத்திரனுக்கும் உள்ளே பூட்டுப்பட்டு ஓடித் திரியும் குவார்க்குகளின் இயக்கமும் திணிவே இல்லாத குளுவோன்களின் சக்தியும்தான். அதைத் தோளில் தூக்கித்தான் லொறியில் ஏற்றுகிறோம்.